சூசையப்பர் நாளுக்குப் பொரித்த ஸ்ஃபின்ச்சி

பலெர்மோ,
மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல பெல்லெக்ரினோ மலை ஏறி, புனித ரொசாலியா அம்மாவின் குகைக் கோயிலில் உங்கள் முழங்கால் வலிக்காக மெழுகுதிரி ஏற்றினேன். நம் ஊர்ச் சனம் நிறைய வந்திருந்தது.

தொலைபேசியில் நீங்கள் கேட்ட பலகாரத்தின் செய்முறையை இதில் எழுதுகிறேன். அளவு வாய்ச்சொல்லில் நிற்காது.

நேற்று இங்கே சூசையப்பர் திருநாள். இத்தாலியில் தந்தையர் தினமும் அன்றுதான். அந்த நாளுக்கென்றே பலெர்மோக்காரர் செய்வது ஸ்ஃபின்ச்சி. கடைகளில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறது. ஆனால் நான் வேலை செய்யும் வீட்டு அம்மம்மா கடையில் வாங்க விடமாட்டார். அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து சொல்லுவார், நான் செய்வேன்.

பார்த்தால் நம் வாய்ப்பன் போலத்தான் இருக்கும். வாய்ப்பனை உருண்டையாக எடுக்கப் பாடுபடுவோம். இது கோணல்மாணலாக, புடைத்து, உள்ளே கூடாக வரவேண்டும். பெயருக்கே கடற்பஞ்சு என்றுதான் பொருளாம். லத்தீன் சொல் என்பார் சிலர், 'இஸ்ஃபஞ்ச்' என்ற அரபுச் சொல் என்பார் சிலர். இந்தச் சிசிலித் தீவை அரபு முஸ்லிம்கள் இருநூறு வருடங்களுக்கு மேல் ஆண்டிருக்கிறார்கள். வட ஆபிரிக்காவில் இன்றும் எண்ணெயில் பொரிக்கும் ஒரு பணியாரத்துக்கு ஸ்ஃபெஞ்ச் என்றே பெயர். அதனால் நான் அரபுப் பக்கம்தான்.

இனிச் செய்முறை. 250 மில்லிலீற்றர் தண்ணீரில் 50 கிராம் பட்டரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்கள். இங்கே பழைய ஆட்கள் பன்றிக் கொழுப்பு போடுவார்கள். நமக்கு அது வேண்டாம். கொதித்ததும் 150 கிராம் கோதுமை மாவை ஒரேயடியாகக் கொட்டி, அகப்பைக் காம்பால் விடாமல் கிண்டுங்கள். மா திரண்டு, சட்டியின் அடியில் மெல்லிய ஆடை பிடித்தால் இறக்கிவிடலாம்.

அம்மா, இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மா நன்றாக ஆறவேண்டும். முதல் வருடம் நான் சூட்டோடு முட்டைகளை ஊற்றி, எல்லாம் அவிந்து திரிதிரியாகப் போய்விட்டது. அழுகை வந்துவிட்டது. அம்மம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. "மா இன்னும் இருக்கிறது, திரும்பத் தொடங்கு" என்றார். அன்றைக்குத்தான் இந்த வீட்டில் எனக்கு மனம் ஒட்டியது.

ஆறிய மாவில் 4 முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒன்று முழுவதும் கலந்த பிறகே அடுத்தது. கரண்டியிலிருந்து மெதுவாக, கனமாக விழும் பதம் வேண்டும். தாச்சியில் எண்ணெய் நிறைய விட்டு, நடுத்தரச் சூட்டில் கரண்டி கரண்டியாக விடுங்கள். ஒரு தடவைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம், இரண்டு மடங்குக்கு மேல் ஊதும். ஈஸ்ட் ஒன்றும் இல்லை; மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகித்தான் அதை ஊதவைக்கிறது. எண்ணெய் கூடச் சூடானால் வெளியே கறுத்து, உள்ளே பச்சை மாவாக நிற்கும்.

பொரியும்போது கரண்டியின் முதுகால் மெல்லத் தட்டவேண்டும். தட்டத் தட்ட வெடித்து, இன்னும் பெரிதாகி, தானே புரளும். அம்மம்மா எண்ணெயின் சத்தத்தைக் கேட்டே, "இப்போது தட்டு", "நெருப்பைக் குறை" என்று சொல்வார். இரைச்சல் அடங்கினால் உள்ளேயும் வெந்துவிட்டதாம். அரியதரம் சுடும்போது நீங்களும் அடுப்புப் பக்கம் திரும்பாமலே "எடு, எடு" என்பீர்களே, அந்தக் காதுதான் இவருக்கும்.

மேலே வைப்பது ரிக்கோட்டா. பாற்கட்டி செய்து மிஞ்சிய தண்ணீரைத் திரும்பக் காய்ச்சி எடுப்பது. அந்தச் சொல்லுக்கே திரும்பக் காய்ச்சியது என்றுதான் அர்த்தம். இங்கே செம்மறியாட்டுப் பாலில் வருவதற்கு ஈடில்லை. இரவு முழுவதும் வடியவிட்டு, அரை கிலோவுக்கு 150 கிராம் சீனி கலந்து, அரிதட்டில் தேய்த்து எடுத்தால் பட்டுப் போல இருக்கும். சொக்லேட் துண்டும் சேர்ப்பார்கள். நீங்கள் பசும்பாலைக் காய்ச்சி, தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைய வைத்து, துணியில் வடித்துப் பாருங்கள். அதே ருசி வராது, ஆனால் பழுதில்லை.

அலங்காரத்துக்குச் சீனிப்பாகில் ஊறிய தோடம்பழத் தோலும் இடித்த பிஸ்தாவும். தோலை மூன்று தரம் தண்ணீர் மாற்றி அவித்தால் கைப்புப் போகும், பிறகு பாகில் போடுங்கள். பிஸ்தா இந்தத் தீவிலேயே, எட்னா எரிமலை அடிவாரத்துப் புரோந்தேயில் விளைகிறது. சித்திரையில் ஊருக்கு வரும் மாமியிடம் கால் கிலோ கொடுத்துவிடுகிறேன். அதுவரை மரமுந்திரிகைப் பருப்பை இடித்துத் தூவுங்கள்.

முட்டை சேர்வதால் வெள்ளிக்கிழமையில் செய்யவேண்டாம். அப்பாவுக்குச் சீனி வருத்தம். மேலே ஒன்றும் வைக்காமல், சுடச்சுட ஒன்று மட்டும் பிளேன்ரீயோடு கொடுங்கள். நேற்று முதலாவதை எடுத்து வைத்தபோது அவரைத்தான் நினைத்தேன்.

உங்கள் அன்பு மகள்