கொடை விழாக் குழுக்களுக்கு ஒரு குடம் அடிக்கிறவனின் திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் கொடை நடத்தும் கோவில் குழுக்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும், முக்கியமாக நோட்டீஸ் எழுதி வீடியோ ஏற்றும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் வில்லுப்பாட்டில் குடம் அடித்துப் பின்பாட்டுப் பாடுகிறவன். விடிய விடியப் பாடின கதையை இப்போது ரெண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறீர்களே, அதைப் பற்றி எழுத வரவில்லை. அது வேறு வழக்கு. செயற்கை நுண்ணறிவை வைத்து வில்லுக்குக் கதை எழுதுவது பற்றித்தான் இந்த மடல்.

சங்கதி இதுதான். போன கொடையில் ஒரு ஊரில், "இசக்கியம்மன் கதையைப் புதுசா எழுதி வச்சிருக்கோம், இதையே பாடுங்க" என்று அச்சடித்த தாள்களைத் தந்தார்கள். மேலே "கதை, பாடல்: விழாக் குழு" என்று இருந்தது. சரி, பாடுவோம் என்று வாசித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

இசக்கியான நீலி, பழிவாங்குவதற்காகக் கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு வணிகனைத் தொடரும் இடம். வில்லடித்துக் கதை பாடும் தலைமைப் பாடகரை அண்ணாவி என்போம்; இதைப் பாடாத அண்ணாவி கிடையாது. ஆனால் எங்கள் குழுவின் பழைய அண்ணாவி, இப்போது உயிரோடு இல்லை, அதில் ஒன்றைச் சேர்த்திருந்தார். நீலி பிள்ளையை வணிகன் கையில் கொடுக்கிறாள். பிள்ளையின் வாயில் எச்சில் வழிகிறது. துடைக்கிறான், விரலில் பிசுபிசுக்கிறது. வேட்டியில் தேய்க்கிறான், போகவில்லை. மோந்து பார்த்தால் கள்ளிப்பால். அந்த இடத்தில் உடுக்கை நின்றுவிடும், வில்மணியும் நின்றுவிடும். குடம் மட்டும் மெதுவாகக் கேட்கும். பெண்கள் பக்கத்துப் பேச்சு தானாக அடங்கின பிறகுதான் அடுத்த வரியை எடுப்பார். இது ஏட்டில் உள்ளது அல்ல. வேலிக் கள்ளியை வெட்டும்போது கையில் பால் ஒட்டியதாம், அப்போது தோன்றியது என்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த ஊர்க் குழு தந்த தாளில் அந்தக் கள்ளிப்பால் அப்படியே இருந்தது. வேட்டி மட்டும் மேல்துண்டாக மாறியிருந்தது. கேட்டபோது எழுதிய தம்பி எதையும் மறைக்கவில்லை. "அண்ணே, ஏஐ எழுதித் தந்தது. யூடியூபில் உங்க வீடியோ கிடந்தது. அதை எழுத்தாக்கிக் குடுத்து, இதையே கொஞ்சம் மாத்தி எழுதுன்னு சொன்னேன்" என்றான். அது தப்பு என்றே அவனுக்குப் படவில்லை. அதனால்தான் அவன் ஒருவனிடம் பேசாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கதையை எடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முப்பந்தல் இசக்கி கதைக்கு யார் பட்டா வைத்திருக்கிறார்? கருவுக்கும் கதைப்போக்குக்கும் பழங்கதைச் செய்திகளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொல்லும் விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு அண்ணாவியைக் கேட்டு இன்னொருவர் வளர்வதும் அப்படித்தான். நம்ம தேரூர்க் கவிமணி எட்வின் அர்னால்டின் ஆங்கில நூலைத் தழுவித்தான் 'ஆசிய ஜோதி' பாடினார். அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. மூலம் எது என்பது ஊரறிந்தது, தமிழ் அவருடையது.

வில்லுப்பாட்டிலேயே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கதைக்குள் போகும் முன் குருவடி பாடுகிறோமே, அது எதற்கு? யாரிடம் கற்றேன் என்பதைச் சபையில் சொல்வதற்குத்தான். பழைய அண்ணாவியின் கள்ளிப்பாலை இன்று நாங்கள் பாடும்போதும் குருவடியில் அவர் பெயர் வரும். அச்சுத்தாளில் காப்பு இருந்தது, அவையடக்கம் இருந்தது, வாழி கூட இருந்தது. குருவடி மட்டும் இல்லை. இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. அதற்கு வீடியோவைக் கொடுத்தவர்கள் அண்ணாவியின் பெயரைக் கொடுக்கவில்லை.

"சினிமா மெட்டில் பாடுகிற நீங்களா பேசுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மெட்டு எந்தப் பாட்டு என்று முன்வரிசைப் பையனுக்கே தெரியும், தெரிவதால்தான் சிரிக்கிறான். எங்கள் மெட்டு என்று நாங்கள் சொன்னதில்லை. சமயச் சடங்கின்போது பாடுவதற்கு 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டமே விலக்கு தருகிறது. அந்த விலக்கு கோவில் முற்றத்துக்குத்தான், யூடியூப் சேனலுக்கு அல்ல.

அதே சட்டத்தில் மேடையில் நிகழ்த்துகிறவருக்கும் 50 வருட உரிமை உண்டு. நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் கேட்கும் உரிமையை 2012 திருத்தத்தில் சேர்த்தார்கள். அப்புறம், "ஏஐ செய்தது" என்பதும் சட்டத்தில் பதிலாகாது. கணினி உருவாக்கும் எழுத்துக்கு, அதை உருவாக்க வைத்த ஆளையே ஆசிரியராகக் கொள்ள வேண்டும் என்று 1994-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க இதைச் சொல்லவில்லை. ஒரு கொடை நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை வக்கீல் வாசல் வரை கூட வராது.

வெறுமனே "இசக்கி கதை எழுது" என்று கேட்டால் என்ன தரும் என்று நானும் போட்டுப் பார்த்தேன். தீமை, நீதி, பெண் சக்தி என்று பள்ளிக்கூடக் கட்டுரை போல வந்தது. கள்ளியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கள்ளிப்பால் எங்கள் வீடியோவிலிருந்துதான் போனது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறதே என்றார் ஒரு நிர்வாகி. அதை நம்ப வேண்டாம். ஆங்கில எழுத்தைச் சோதிக்க ஓபன்ஏஐ நிறுவனம் விட்ட கருவியையே, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அவர்களே எடுத்துவிட்டார்கள். நாஞ்சில் நாட்டுத் தமிழை எந்தக் கருவி பிடிக்கப்போகிறது? எழுதினவரிடம் "எதைக் கொடுத்து எழுத வச்சே?" என்று கேட்டால் போதும், தம்பி சொன்ன மாதிரி சொல்லிவிடுவார்கள்.

ஏஐ வேண்டாம் என்பதும் என் கட்சி அல்ல. நோட்டீஸில் எழுத்துப்பிழை பாருங்கள், நீண்ட கதையைச் சுருக்கிப் பாருங்கள். ஒருவருடைய பாட்டையோ குரலையோ அதற்குள் போடுவதென்றால் அவரிடம், அவர் இல்லையென்றால் வீட்டாரிடம், ஒரு வார்த்தை கேளுங்கள். 2024-இல் ஒரு படப்பாட்டுக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் பயன்படுத்திய ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அவ்வளவு பெரிய ஆள் கேட்கும்போது நாம் கேட்டால் என்ன? தலைக்கட்டு வரி பிரிக்கும்போது பந்தல், மைக்செட், வாணவேடிக்கை என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கில் பாட்டுக் கட்டினவருக்கும் ஒரு இனம் சேருங்கள், சிறு தொகையானாலும் சரி.

கடைசியாக, அந்தக் குறிப்பிட்ட ஊர்க் குழுவுக்கு. அன்று ராத்திரி தாளில் இருந்ததை நாங்கள் பாடினோம், குருவடியில் அண்ணாவி பெயரையும் சேர்த்தே பாடினோம். உங்கள் சேனலில் ஏற்றும்போது குருவடியை வெட்டிவிட்டீர்கள். வீடியோவை எடுக்க வேண்டாம். வெட்டினதைச் சேருங்கள், முடியாவிட்டால் கீழே விளக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள். சரியான எழுத்துக்கு அவர் மகளிடம் கேட்டுக்கொள்ளலாம், எண் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
தோவாளை வட்டத்திலிருந்து ஒரு குடம் அடிக்கிறவன்