கப்பம் கேட்கும் வைரஸ்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஹட்டனில் போட்டோ கொப்பி, டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் எங்கள் வரிசையிலேயே இன்னொரு கடையின் கணினிக் கோப்புகளைக் கப்பம் கேட்கும் வைரஸ் பூட்டிவிட்டது. 2021இல் எனக்கும் இதே கதிதான். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று ஒரு மென்பொருளின் கிராக்கை, அதாவது காசு கட்டாமல் பாவிக்க வைக்கும் திருட்டுப் பிரதியை, இறக்கி இயக்கினோம். வைரஸ் அதோடு வந்தது. வின்டோஸ் அப்டேட் மாதிரியே ஒரு பெட்டி திரையில் வந்தது. சரி, அப்டேட்தானே என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து ஒரு ஸ்கேனைத் திறந்தால் திறக்கவில்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு 'ரீட்மி' கடிதம்: 980 டொலர் வேண்டும், 72 மணித்தியாலத்துக்குள் என்றால் 490. அன்றைய கணக்கில் அந்தப் பாதியே ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபா.

கணினி மட்டும் வழக்கம்போல ஓடியது. கப்பக் கடிதத்தை நாம் வாசிக்க வேண்டுமே, அதனால் இந்த வைரஸ் வின்டோஸை முடக்குவதில்லை. படம், கடிதம், கணக்கு என்று நம் உழைப்பை மட்டும் தேடிப் பூட்டும். வின்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதிகளை அழித்துவிடும். செருகியிருக்கிற பென் ட்ரைவ், வெளி ஹாட் டிஸ்க் எல்லாவற்றிலும் நுழையும். என் பெக்கப் டிஸ்க் எப்போதும் கணினியிலேயே செருகியிருந்தது. அதுவும் போனது.

லயத்தில் தீப்பிடித்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பறிகொடுத்த ஒரு அக்கா, "தம்பி, அன்னைக்கு ஸ்கேன் பண்ணினது இருக்குமா?" என்று கேட்டு வந்தார். கோப்பு கண் முன்னே இருந்தது, திறக்கத்தான் வழியில்லை. அவர் மறுபடி கச்சேரிக்கு அலைந்ததை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

அப்புறம் ஒன்று. அன்டிவைரஸ் போட்டால் வைரஸ் போகும், பூட்டு போகாது. அதற்காக அவசரப்பட்டு ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள். வைரஸால் அதை ஏவியவர்களின் சேவரை (இணையத்தில் இருக்கும் அவர்களின் கணினியை) தொடர்புகொள்ள முடியாமல் போனால், எனக்கு வந்த வகை பல கணினிகளுக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டும். அந்தச் சாவி பிற்பாடு கிடைத்தால் கோப்புகளைத் திறக்கலாம். ஆகவே பூட்டிய கோப்புகளையும் கப்பக் கடிதத்தையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் முதலானவை 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் திறக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

சின்னக் கடைக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023இல் நம் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையே இப்படித் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்கு பெக்கப் இருக்கவில்லை.

இப்போது நான் கிராக் எதையும் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை கடை பூட்டுமுன் எல்லாவற்றையும் கொப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வீட்டு அலுமாரியில் வைக்கிறேன். மலையகத்தில் நம் சனங்களின் பத்திரங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்காரரும் இந்த வாரமே ஒரு டிஸ்க் வாங்கி, இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர்,
ஹட்டன்.