காய் லாரி ஏறுவதற்கு முன்னால்: பாலக்கோட்டுப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம், மாரண்டஅள்ளி பக்கத்துப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும், முக்கியமாகக் கூட்டத்துக்கு வராத அப்பாக்களுக்கும்,

வணக்கம். இந்தப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் என்று குழுவில் பேச நிறைய இருக்கிறது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நம் பிள்ளைகள் காய் சாப்பிடுவதில்லை.

மதியம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்ததும் ஒரு நாள் வந்து தட்டுகளைப் பாருங்கள். முதலில் முட்டை காலியாகும். அடுத்து சோறு. சாம்பாரில் கிடக்கும் கேரட், பீன்ஸ், கத்தரிக்காயை விரலால் துழாவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். மணி அடித்ததும் அது அப்படியே கொட்டப்படும். பீன்ஸை ஒதுக்குகிற பிள்ளையின் அப்பா பீன்ஸ் போடுகிறவர். தக்காளித் தோலைத் துப்புகிற பிள்ளை வீட்டிலிருந்து பாலக்கோடு மண்டிக்குப் பெட்டி பெட்டியாகத் தக்காளி போகிறது. ஊருக்கே காய் அனுப்பும் மண்ணில் இதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சத்துணவில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது. 6 வயது முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 350 கிராம் காயும் பழமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. மதிய உணவுக்கான விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது 50 கிராம் காய். காலை உணவுத் திட்டத்தில் வரும் சாம்பாரைச் சேர்த்தாலும் பெரும்பங்கு வீட்டில்தான் கிடைத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த வயதில் அப்போது இருந்த பிள்ளைகள்தான் இப்போது நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது? நல்ல காய் மண்டிக்குப் போய்விடுகிறது. விலை ஏறினால் ஒரு கிலோகூட வீட்டில் நிற்பதில்லை. விலை விழுந்தால் பறிகூலிகூடத் தேறாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறோம். இரண்டிலும் பிள்ளையின் தட்டுக்கு எதுவும் வருவதில்லை. மாங்காயும் அப்படித்தான். பெங்களூரா ரக மாங்காய் பெரும்பாலும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. பிள்ளையோ பாட்டிலில் வரும் மாம்பழ பானத்தைக் கேட்டு அழுகிறது.

அப்பாக்களே, உங்களிடம் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். களைத்து வந்து உட்காருகிறீர்கள், பொரியலைத் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றச் சொல்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அம்மா எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அப்பா ஒதுக்கியதை அவன் தொடமாட்டான். பெற்றோர் சாப்பிடும் காயைத்தான் பிள்ளையும் சாப்பிடும் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்களில் பிள்ளைகள் பாட்டியிடம், நம் ஊர்ப் பேச்சில் ஆயாவிடம், வளர்கிறார்கள். அந்த ஆயாக்களை நான் குறை சொல்லமாட்டேன். தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத குழந்தை அழுதால் மனசு கேட்காது, கையில் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். மாலை ஐந்து மணிக்கு மசாலாப் பாக்கெட் தின்ற வயிறு ஏழு மணிக்குக் கீரையை எப்படிக் கேட்கும்? அந்தக் காசுக்குக் கொய்யாவோ வாழைப்பழமோ வாங்கி, நறுக்கி, பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். பசியோடு வருகிற பிள்ளை கண்ணில் பட்டதை எடுத்துத் தின்னும்.

மிரட்டி ஊட்டுவதையும் நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் ஒரு பாலர் பள்ளியில் சூப் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. குடித்து முடி என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டபோது அதிகம் குடித்தார்கள். காய் தின்றால் சாக்லேட் தருகிறேன் என்பதும் உதவாது. சாக்லேட்தான் உசத்தி, காய் ஒரு தண்டனை என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். புதுக் காய் ஒன்று பிடித்துப்போக 8 முதல் 15 தடவை வரை ருசி பார்க்க வேண்டியிருக்கும். ரெண்டு தடவை துப்பியதும் "எங்க புள்ளைக்குப் பீட்ரூட் ஆகாது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு துண்டு வையுங்கள், பேசாமல் நீங்களும் சாப்பிடுங்கள், நாலு நாள் கழித்து மறுபடியும் வையுங்கள்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. ரேஷனில் கேழ்வரகு கொடுக்க 2023-இல் முதலில் எடுத்த இரண்டு மாவட்டங்களில் நம் தருமபுரியும் ஒன்று. களிக்குப் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் சேர்த்துக் கடைந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும். அதற்குக் கொய்யா, நெல்லி, தக்காளி எல்லாமே நம்மிடம் விளைகின்றன.

குழுவிடம் நான் கேட்பது இரண்டுதான். காய் பறிக்கும் வீடுகளில், லாரி ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்கென்று ஒரு பங்கை முதலில் எடுத்து வைக்கச் சொல்லி ஒவ்வொரு தெருவிலும் பேசுங்கள். கழித்துப் போட்ட காயை அந்தப் பங்காக்கிவிட வேண்டாம். நல்ல காயே பிள்ளைக்கு இருக்கட்டும். இரண்டாவது, அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, அப்பாக்களையும் ஆயாக்களையும் பேர் சொல்லி அழையுங்கள். பறிப்புக் காலத்தில் பகலில் கூட்டம் வைத்தால் ஆண்கள் யாரும் வருவதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே பேசுங்கள். எத்தனை மணியானாலும் நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் டீச்சர்