கருப்புக் கண்ணாடி போதாது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'மெட்ராஸ் ஐ வந்தால் பயம் வேண்டாம், கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வழக்கமான வேலையைப் பார்க்கலாம்' என்று ஒரு வரி. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

2023 ஏப்ரலில் என் பேரனுக்குக் கண் சிவந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டது. கூடவே லேசான காய்ச்சல், தொண்டை வலி. மெட்ராஸ் ஐ தானே என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினோம். அதைக் கண்ணில் விட்டதும், பீளையைத் துடைத்ததும் என் கணவர்தான். இருபது வருட ஆஸ்துமாக்காரர். ஐந்தாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. பரிசோதித்ததில் கோவிட். ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து வந்தார், ஆனால் மாடி ஏறுவது அதோடு போயிற்று. அந்த மாதம் எக்ஸ்பிபி.1.16 என்ற கோவிட் திரிபு பரவியதும், குழந்தைகளுக்குக் கண் சிவக்கிறது என்று மருத்துவர்கள் சொன்னதும் உங்களுக்குத் தெரியாததா? கோடைச் சுற்றுலாவுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கினீர்கள். இதற்கு நாலு வரி இடம் இல்லையா?

கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். கண்ணீர் இறங்கும் குழாய் மூக்குக்குள்தான் போய் முடிகிறது. கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பது அதனால்தான். மெட்ராஸ் ஐக்குப் பெரும்பாலும் காரணமான அடினோ வைரஸே சளி, காய்ச்சல், தொண்டை வலியையும் தரும். சில குழந்தைகளுக்கு நிமோனியா வரை கொண்டுபோகும். தட்டம்மையிலும் தடிப்பு கிளம்புமுன் இருமலோடு கண் சிவக்கும். சீனாவின் வூஹானில் கோவிட் பரவத் தொடங்கியபோது எச்சரித்த லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவர். கண் அழுத்த நோய்க்கு வந்தவரிடமிருந்து தனக்குக் கோவிட் தொற்றியதாக அவரே சொன்னார். 2020 பிப்ரவரியில் இறந்தார். கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தருகே குனியத்தானே வேண்டும்? என் கணவரும் அப்படித்தான் குனிந்தார்.

முன்பொரு முறை வாசகர் குறிப்பில், கண் வலிக்குத் தாய்ப்பால் விடலாம் என்று போட்டீர்கள். அப்போதே எழுதினேன். பதில் இல்லை. பள்ளிக்கூடத்திலும் கண்ணாடி போட்டு அனுப்புங்கள் என்றுதான் சொன்னார்கள். எல்லோரும் உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துத்தானே சொல்கிறார்கள்?

அடுத்த இதழில், அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: கண் சிவப்போடு காய்ச்சலோ இருமலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டவும். வீட்டுப் பெரியவர்களை விட்டுத் தள்ளி இருக்கவும். துண்டு, தலையணை தனியாக வைத்துக்கொள்ளவும். கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
இருபத்தாறு வருடச் சந்தாதாரர்,
கும்பகோணம்