மூத்த குடிமக்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கண் பரிசோதனை முகாமுக்கு நல்ல கூட்டம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மின்விசிறி மாற்றியாகிவிட்டது.

இந்த ஆண்டில் விரிவாகச் சொல்ல வேண்டியது, 'போர்க்காலத்தில் எங்கள் வீடு' என்று நாம் நடத்திய கூட்டங்களைத்தான். வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். போனவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, வீட்டில் இருந்தவர்களை யார் கேட்டார்கள்? அதனால் போர்முனைக் கதை வேண்டாம், வீட்டுக் கதை போதும் என்று வைத்துக்கொண்டோம். அப்படியும் முதல் கூட்டத்தில் ஆண்களே பேசி முடித்தார்கள். அடுத்த கூட்டத்தில் பெண்களை முதலில் பேசவைத்தோம். அப்புறம்தான் விஷயம் வந்தது.

நம்மில் மூத்தவர் இரண்டாம் உலகப் போரின்போது சிறுவர். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி வரத்து நின்று, வீட்டில் சோறு சுருங்கியதைச் சொன்னார். 1943இல் வந்த ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு திரிந்தாராம். போர் என்றால் இன்றும் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் காசுதான்.

1965இல், தானியத் தட்டுப்பாட்டுக்காகப் பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னபோது, "களிக்கும் சேர்த்துத்தானா?" என்று ஒரு பாட்டி கேட்டாராம். கூட்டமே சிரித்தது.

1971 டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் போர் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். பட்டாளத்தில் இருந்த அப்பாவின் விலாசத்தில் பெயர், நம்பர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண், அவ்வளவுதான். ஊர்ப் பெயரே இருக்காது. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே அம்மாக்கள் அவர் கையைப் பார்ப்பார்கள். மைப்பெட்டியை எடுத்தால் மணியார்டர், கைநாட்டு வைக்க வேண்டும், உயிர் வந்துவிடும். நேரங்கெட்ட நேரத்தில் சைக்கிள் மணி கேட்டால் தந்தியோ என்று தெருவே வாசலுக்கு வரும். மணியார்டர் கூப்பன்களைக் கடிதங்களோடு கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள்.

நம் பெண் உறுப்பினர் ஒருவர் அப்போது நான்காம் வகுப்பு. படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அவர்தான் கடிதம் படித்துக் காட்டுவார். சண்டை என்று வருகிற வரியை விட்டுவிடுவாராம். பதில் எழுதும்போது, "மாடு செத்துப்போச்சுன்னு எழுதுடி" என்று அம்மா சொன்னதையும் எழுதாமல் விட்டார். சண்டை முடிந்து லீவில் வந்த அப்பா பெட்டியைக் கீழே வைத்ததும் நேராகத் தொழுவத்துக்குப் போனார்.

பேச்சுகள் செல்போனில் பதிவாகியுள்ளன. கேட்டு எழுத ஆள் வேண்டும், பேரப்பிள்ளைகளை அனுப்புங்கள். பழைய கடிதம், கூப்பன் இருந்தால் கொண்டுவாருங்கள். நகலெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்