மார்க்வெஸைத் தேடி ‘எம்’ வரிசையில் நின்றவன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஊர் நூலகங்களில் ஸ்பானிஷ் புத்தகங்களுக்கு அலமாரி அலமாரியாக இடம் கொடுக்கிறார்கள், தமிழை யாரும் சீண்டுவதில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் மனம் நொந்து எழுதியிருந்தார். தஞ்சை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மகள் வீட்டில் 5 மாதம் தங்கிவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பினேன். பழைய தொழில் விடுமா? பாதி நாள் பக்கத்துக் கிளை நூலகத்தில்தான் கழிந்தது. வாசகர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்காகத்தான் இக்கடிதம்.

நூலக வாசலில் மாதம் ஒருமுறை ஸ்பானிஷ் மொழியில் ஒரு தாள் ஒட்டுகிறார்கள். மேலே புதிதாக வந்த நூல்களின் பட்டியல். கீழே மற்றச் செய்திகள். ஆங்கிலப் பேச்சு வகுப்பு எந்தக் கிழமை, குடியுரிமைத் தேர்வுக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு, குழந்தைகளுக்கு இருமொழிக் கதை நேரம் என்று, இவ்வளவுதான். பேத்தி படித்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆனால் காலையில் கதவு திறக்குமுன் நாலைந்து பேர் அதை வாசித்தபடி நிற்பார்கள். சுண்ணாம்புக் கறை படிந்த காலணியோடு ஒருவர் தினமும் வருவார். நம் ஊர் வாசகசாலையில் செய்தித்தாளுக்குக் காத்திருக்கும் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

ஸ்பானிஷ் அலமாரியை முதல் நாள் பார்த்தபோது எல்லாரும் ஏன் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று விளங்கவில்லை. ஸ்பானிஷ் நூல்களின் முதுகில் தலைப்பைப் பெரும்பாலும் கீழிருந்து மேலாக அச்சிடுகிறார்கள். ஆங்கில நூலில் மேலிருந்து கீழ். பக்கத்து அலமாரிக்குப் போனால் கழுத்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். இத்தனை ஆண்டுகள் புத்தகத்தோடு வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது. பிறகு கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் இருக்கிறாரா என்று ‘எம்’ வரிசையில் தேடினேன். ஒரு நூலும் இல்லை. இவ்வளவு பெரிய எழுத்தாளரைக்கூட வாங்கி வைக்கவில்லையே என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து ‘ஜி’ வரிசைக்கு அழைத்துப் போனார். தட்டு நிறைய இருந்தார் கார்சியா மார்க்வெஸ். கார்சியா அப்பா வழிக் குடும்பப் பெயர், மார்க்வெஸ் அம்மா வழி. அடுக்குவது அப்பா பெயரை வைத்து. நாம் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டால் அலமாரி என்ன செய்யும்? என் மாப்பிள்ளையை அலுவலகத்தில் அவருடைய அப்பா பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அங்கே அவர்கள் குழம்பினார்கள், இங்கே நான். கணக்குச் சரியாகிவிட்டது.

ஸ்பானிஷ் நூல் வாங்குவது எளிது என்று வெளியிலிருந்து தோன்றும். அப்படியில்லை. ஸ்பெயினில் அச்சான குழந்தைப் புத்தகத்தில் பழச்சாறு ‘சூமோ’. மெக்சிகோ வீட்டுக் குழந்தைக்கு அது ‘ஹூகோ’. கணினிக்கு அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல். சவர்க்காரம் என்று சொல்லி வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சென்னைப் புத்தகத்தின் சோப்பு எப்படியோ, அப்படி. ரூஸ்வெல்ட் அவென்யூவில், தலைக்கு மேல் 7-ஆம் எண் ரயில் தடதடக்கும் ஜாக்சன் ஹைட்ஸில், கொலம்பியர்களும் எக்வடார்க்காரர்களும் மெக்சிகோக்காரர்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். மாட்ரிட் நூல்களாலேயே தட்டை நிரப்பினால் எடுப்பார் இருக்கமாட்டார்கள். அதனால்தான் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் தொடங்கும் புத்தகக் கண்காட்சிக்கு அமெரிக்க நூலகர்கள் நேரில் போய்ப் புரட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். போகிறவர்களின் செலவில் ஒரு பகுதியை அமெரிக்க நூலகச் சங்கமும் கண்காட்சியும் சேர்ந்து ஏற்கும் திட்டமே இருக்கிறது. 1987-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் 2019-இல் சிறப்பு விருந்தினர் நாடு நம் இந்தியா.

இதெல்லாம் அரசு கொடுத்த சீர்வரிசை அல்ல. 1921-இல் பூரா பெல்ப்ரே என்ற இளம்பெண்ணை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கிளை நூலகம் வேலைக்கு எடுத்தது. ஸ்பானிஷ் பேசும் தீவான புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து நியூயார்க் பொது நூலகத்தில் நூலகரான முதல் ஆள் அவர்தான். பாட்டி சொன்ன கதை ஒன்றுகூட அலமாரியில் இல்லை என்று கண்டதும், தாமே ஸ்பானிஷில் கதை சொல்லத் தொடங்கினார். பொம்மைகள் செய்து ஆட்டிக் காட்டினார், பிறகு எழுதியும் கொடுத்தார். தங்கள் மொழியில் கதை கேட்கிறது என்று தெரிந்து தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். ஸ்பானிஷ் பேசும் மக்களுக்காக உழைக்கும் நூலகர்கள் 1971-இல் தனிச் சங்கமே கண்டார்கள். இன்று அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு நாம் ஈடில்லைதான். ஆனால் பெல்ப்ரே கதை சொல்லத் தொடங்கியபோது நியூயார்க்கில் அவர்களும் சிறு கூட்டம்தான்.

இனி நம் கதை. குயின்ஸ் நூலகம் குடியேறியவர்களுக்கென்று ‘புதிய அமெரிக்கர்கள்’ திட்டத்தைத் தொடங்கியது 1977-இல். அதே குயின்ஸில் உள்ள ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததும் அதே ஆண்டு. ஒரு ஞாயிறு, கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது முன்னும் பின்னும் நின்ற 6 தமிழர்களிடம் நூலக அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருவரிடம் இருந்தது. இருவருமே பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்துக்காக வாங்கியவர்கள். தமிழ் நூல் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா என்றேன். “அதெல்லாம் எங்கே சார் இருக்கப்போகிறது” என்றார் ஒருவர், சட்னியைப் பார்த்தபடி.

நான் போன கிளையில் கொஞ்சம் இருந்தன. அட்டை கசங்காமல், முதுகு மடங்காமல், புதுப் பெண்போல. பார்த்ததும் வயிறு கலங்கியது. யாரும் எடுக்காத புத்தகத்தைச் சில ஆண்டுகளில் தட்டிலிருந்து நீக்குவது அங்கே வழக்கம். நாமென்றால் கரையான் முடிவு செய்யும்வரை வைத்திருப்போம். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்று 1931-இல் விதி எழுதிய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர் என்பது வேறு.

தாமதக் கட்டணம் என்று யாரும் பயப்பட வேண்டாம். நியூயார்க் நகர நூலகங்கள் 2021 அக்டோபரிலேயே அதை ஒழித்துவிட்டன. வேண்டிய நூலை வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கவும் வழி இருக்கிறது. மனம் நொந்த வாசகர் தம் ஊர் நூலகத்தில் கடைசியாக எந்தத் தமிழ் நூலைக் கேட்டார் என்பதையும் எழுதியிருக்கலாம்.

கிளம்புமுன் மகளின் அட்டையில் 6 தமிழ்ப் புத்தகங்கள் எடுத்துவைத்துவிட்டு வந்தேன். நேற்றுத் தொலைபேசியில் விசாரித்தேன். இரண்டை முடித்துவிட்டாளாம், ஒன்றைக் கேன்டீனில் பார்த்த ஒருவர், படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போய்விட்டாராம். உடனே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவரைச் சொந்த அட்டை எடுக்கச் சொல் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிளை நூலகர்,
கும்பகோணம்.