கால் புண்ணுக்கு மெத்திலீன் நீலமும் சிவப்பு ஒளியும்: நம் அரசு மருத்துவமனைகளில் சோதித்துப் பாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் அறுவை சிகிச்சை, நுண்ணுயிரியல் துறைகளுக்கும்,

வணக்கம். நான் ஆய்வகத்தில் கல்ச்சர் தட்டு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டு, பார்க்கிற வேலையில் இருப்பவள். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரி (சுவாப்) எங்களிடம் வந்துகொண்டே இருக்கும். ரிப்போர்ட் தாளில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. சிப்ரோஃப்ளாக்சசின் ஆர், செஃப்ட்ரியாக்சோன் ஆர், அமிகாசின் ஆர், மெரோபெனெமும் ஆர், கடைசியில் கொலிஸ்டின் மட்டும் மிச்சம் என்று தட்டச்சு செய்து அனுப்பும்போது, இந்த மனிதரின் விரலை எடுப்பார்களா, பாதத்தை எடுப்பார்களா என்றுதான் மனசு ஓடும்.

அதனால்தான் இந்த மடல். புண்ணில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவி அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சிக் கிருமியைக் கொல்லும் முறையை நம் அரசு மருத்துவமனைகளில் முறையாக ஆய்வு செய்து பாருங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இது புதுசாக யாரோ கிளப்பிவிட்ட சங்கதி இல்லை. 1900-லேயே மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் விட்ட நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சாவதையும் இருட்டில் தாக்குப்பிடிப்பதையும் கவனித்தார். பெனிசிலின் கண்டுபிடிப்பதற்கு 28 வருஷம் முன்னால்! அப்புறம் ஆன்டிபயாடிக் காலம் வந்தது, கிருமியைக் கொல்ல ஒளியைத் தேடும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. இன்று அந்த அவசரம் வந்துவிட்டது.

வேலை செய்யும் விதம் இதுதான். மெத்திலீன் நீலத்துக்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம், அதனால் சாயம் போய் ஒட்டிக்கொள்கிறது. சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டதும் சாயம் அந்த ஆற்றலை வாங்கிப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது, அந்த ஆக்சிஜன் வெறிகொண்டு கிருமியின் சவ்வு, புரதம், மரபணு என்று அகப்பட்டதையெல்லாம் சிதைக்கிறது. நீரில் அதன் ஆயுள் நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குதான் என்பதால் சாயம் ஒட்டிய இடத்தைத் தாண்டி அதிக தூரம் போகாது. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஒரு பூட்டைக் குறிவைக்கும், கிருமி அந்தப் பூட்டை மாற்றிக்கொள்ளும். இங்கே ஒரே நேரத்தில் பல இடங்களில் அடி விழுவதால் தப்பிக்க வழி தேடுவது அதற்குக் கடினம். மெரோபெனெமுக்கு 'ஆர்' வந்த கிருமிக்கும் இது பொருந்தும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மனிதர்களிடம் செய்து பார்த்திருக்கிறார்களா என்றால், செய்திருக்கிறார்கள். கனடாவின் வான்கூவர் பொது மருத்துவமனையில் 2011-லிருந்து அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளியின் மூக்குத் துவாரங்களில் இந்தச் சாயத்தைத் தடவிச் சிவப்பு ஒளி கொடுத்தார்கள், கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தோய்ந்த துணியால் உடம்பைத் துடைத்தார்கள். 3,068 பேருக்குச் செய்ததில் அறுவைக் காயத்தில் தொற்று 2.7 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது பிரேசிலில் நடந்தது. சாவோ பாவ்லோவை ஒட்டிய சாந்தோ ஆந்த்ரே நகரில் தார்திவோ என்ற மருத்துவரும் அவர் குழுவும், காலை எடுக்க வேண்டிய கட்டத்தில் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த முறையைக் கொடுத்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒளி சிகிச்சை பெற்ற 18 பேரில் 17 பேருக்குக் கால் தப்பியது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 16 பேருக்கும் உறுப்பை எடுக்க வேண்டி வந்தது. மொத்தமே 34 பேர், இதை வைத்து மட்டும் திட்டம் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு முடிவைப் படித்துவிட்டு நாமும் சோதிக்காமல் எப்படி இருப்பது?

செலவைப் பற்றிப் பேசுவோம். இந்தச் சாயம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. காசநோய்ச் சளிப் பரிசோதனையில், சிவப்பாகத் தெரியும் கிருமிக்குப் பின்னால் நீலமாக இருப்பது இதுதான். ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்க முடியாமல் போகும் மெத்ஹீமோகுளோபினீமியாவோடு வருகிறவர்களுக்கு ஊசியாகப் போடுவதும் இதைத்தான். விளக்குக்கு எல்.இ.டி. போதும். ஆனால் சரியான அலைநீளம், புண்ணின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் போய்ச் சேரும் ஒளியின் அளவு, தோல் சூடாகாமல் இருப்பது, இவற்றை அளந்து செய்ய வேண்டும், அதற்கு நம் ஊர் பொறியியல் கல்லூரிகளே போதும்.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர்தான் நுழையும், ரத்தத்தில் பரவிய தொற்றுக்கு இது உதவாது, ஆழத்தில் எலும்புக்குள் போன சீழை வெளியிலிருந்து காட்டும் விளக்கு எட்டாது. ஆக்சிஜன் இல்லாமல் இந்த வேலையே நடக்காது என்பதால் ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போன விரலில் பலனை எதிர்பார்க்க முடியாது. செத்த சதையை வெட்டி எடுப்பது, ரத்தக் குழாயைச் சரிபார்ப்பது, புண்மேல் எடை விழாமல் பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, தேவையான ஆன்டிபயாடிக், இவை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் இதைக் கொடுக்க வேண்டும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மெத்திலீன் நீலம் அந்த அணுக்களை உடைக்கக்கூடும், அவர்களை முன்னாலேயே கண்டுபிடித்து விலக்குவது நல்லது.

இதைப் படிக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: மீன் தொட்டிக்கு விற்கும் நீலச் சாயத்தை வாங்கிப் புண்ணில் ஊற்றிவிடாதீர்கள். அது மருந்துத் தரத்தில் தயாரித்தது இல்லை, கிருமி நீக்கியதும் இல்லை.

துறைக்கு வருகிறேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது, 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் பாதங்களைப் பரிசோதிக்கிறார்கள். நல்ல காரியங்கள். புண் வந்தவரைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி வந்துவிட்டது, கண்டுபிடித்த பிறகு எந்த மருந்தும் கேட்காத கிருமி இருந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் விடை வேண்டும். இரண்டு மூன்று மருத்துவக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, ஒரே தரமான டிரெஸ்ஸிங் பெறும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் ஒளியைச் சேருங்கள். எத்தனை புண் ஆறியது, எத்தனை விரல், எத்தனை பாதம் போனது என்று எண்ணுங்கள், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கல்ச்சர் எடுங்கள். முடிவு எப்படி வந்தாலும், பலன் இல்லை என்றே வந்தாலும், மறைக்காமல் வெளியிடுங்கள். தனியார் இடங்களில் யாராவது இதை 'லேசர் சிகிச்சை' என்று பேர் வைத்து ஆயிரக்கணக்கில் வாங்க ஆரம்பிப்பதற்குள் அரசிடம் சொந்தமாக ஒரு பதில் இருக்க வேண்டும்.

ஆய்வு தொடங்கினால், கூடுதல் சுவாப் பார்க்க ஆய்வகங்களுக்கு ஆளும் தட்டும் சேர்த்து ஒதுக்குங்கள், இப்போதிருக்கும் ஆட்களை வைத்து அது முடியாது.

இப்படிக்கு,
ஒரு நுண்ணுயிரியல் ஆய்வக ஊழியர்